காட்டும் கையும் காட்டாத வேலையும்

சங்கரன்கோவில் கோயில் வாசலில் பூக்கட்டுகிறவரின் விரல்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. முழம் என்ன விலை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நனைத்த வாழைநார் ஒரு கையில், பிச்சி மொட்டுக் குவியல் மடியில். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. இழுப்பு கூடினால் காம்பு அறுந்துவிடும். குறைந்தால் தலையில் வைத்த அரைமணி நேரத்தில் பூ உதிர்ந்துவிடும். இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்காமலே விரல் போட்டுக்கொள்கிறது. கட்டுகிறவரின் கண் தெருவில் வருகிற அடுத்த ஆளிடம் இருக்கும், வாய் பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்.

இவரையே சென்னையில் ஒரு கண்காட்சிக் கூடத்தில் உட்காரவைத்து, முன்னால் 'செய்முறை விளக்கம்' என்று பலகை வைத்தால் போதும். சுற்றி நின்று செல்போனில் படம் எடுப்பார்கள். விரல் அதே விரல்தான். சங்கரன்கோவில் பூச்சந்தை தென்மாவட்டங்களில் பேர் பெற்றது. மல்லிகை, பிச்சி விலை ஏறினாலும் இறங்கினாலும் செய்தியாகிற ஊர் இது. பூவின் விலைக்குக் கிடைக்கும் கவனம் அதைக் கட்டும் கைக்குக் கிடைக்கவில்லை.

செய்கிறவரே கடையில் உட்கார்ந்து, வாங்குகிறவர் கண்முன் செய்து விற்பது நம் திருவிழாக்களுக்குப் பழக்கமான காட்சி. சங்கரன்கோவிலுக்கு அந்தத் திருவிழா ஆடித்தபசு. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் வாதாட, இருவரும் ஒன்றே என்று காட்டும்படி கோமதியம்மன் தவமிருந்தாள் என்பது தலக்கதை. பன்னிரண்டு நாள் விழாவில் தபசுக் காட்சி நாளன்று சுற்றுப்பட்டுச் சம்சாரிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் காய்களையும் சப்பரத்தை நோக்கி வீசுவார்கள். கரிசல்காட்டு வெள்ளாமையும் சாமியும் நேருக்கு நேர் சந்திக்கிற இடம். கோயில் கடைகளில் மெல்லிய வெள்ளித் தகட்டில் பாம்பு, தேள் உருவங்கள் கிடைக்கும். வீட்டில் விஷப்பூச்சித் தொல்லை நீங்க அவற்றை வாங்கி உண்டியலில் போடுவது இங்கத்திய நேர்ச்சை. உற்றுப் பார்த்தால் தேளின் கொடுக்கு வளைவில் அச்சு வெட்டியவரின் கைத்திறம் தெரியும். உண்டியலுக்குள் விழப்போகிற பொருளுக்கு அவ்வளவு சிரத்தை.

செய்து காட்டுகிற கடையில் என்ன பார்க்க வேண்டும்? வேகத்தைப் பார்ப்பவர்களே அதிகம். 'எவ்வளவு வேகமாகச் செய்கிறார்!' என்ற வியப்போடு நகர்ந்துவிடுகிறார்கள். கைவினையில் பெரும்பாலும் வேகம் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய மெதுவான வேலைகளைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. பழைய திருநெல்வேலிச் சீமையின் புகழ்பெற்ற பொருளான பத்தமடைப் பாயே இதற்குச் சரியான சாட்சி.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிற பத்தமடையில் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்கின்றன. நெய்கிறவர்களில் பெண்களே அதிகம். கண்காட்சிக்கு அவர்கள் வரும்போது நாம் பார்ப்பது இதுதான்: தரையோடு தரையாக இரண்டு மூங்கில்களுக்கு இடையில் பாவு நூல் நீண்டு கிடக்கும். மூங்கில் முக்காலி ஒன்று நடுவில் நின்று அச்சைத் தாங்கும். நெய்கிறவர் நெய்த பாயின் மேலேயே குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். பாய் நீள நீள அவரும் முன்னால் நகர்வார். துணித்தறியில் ஓடுகிற நாடா இதில் கிடையாது. நீண்ட ஊசி போன்ற ஒரு குச்சியில் கோரையைக் கோத்து, பாவுக்குள் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வாங்குகிறார்கள். பிறகு அச்சால் ஒரு தட்டு. மறுபடி ஒரு கோரை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாயின் தரம் இதற்கு வெகு முன்னாலேயே, தாமிரபரணியில் தீர்மானமாகிவிட்டது.

ஆற்றோரத்திலும் சதுப்பிலும் வளர்கிற கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். வெயிலில் காயவைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட வேண்டும். கோரை ஊதிப் பெருக்கும். மறுபடி காய்ச்சல். அதன்பிறகு கத்தியால் தண்டைப் பிளந்து உள்ளே இருக்கும் சோற்றை எடுத்துவிட்டு, மேல்தோலை மட்டும் இழையாகக் கிழிக்கிறார்கள். சாதாரணப் பாய்க்கு இவ்வளவு பாடு வேண்டாம். நயமான பாய்க்கு ஒவ்வொரு இழையும் தையல் நூல் பருமனுக்கு இறங்க வேண்டும். ஊறவைப்பதில்தான் சூட்சுமம். ஒரு நாள் குறைந்தால் கோரை விறைத்துக்கொண்டு உடையும். ஒரு நாள் கூடினால் அழுகிப்போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹசன் பாவா லெப்பை என்ற நெசவாளர்தான் கோரையை இப்படி நீரில் நெடுநாள் போட்டுப் பட்டுப்போல் கிழிக்கும் வழியைக் கண்டவர் என்று சொல்கிறார்கள். எந்தக் கண்காட்சியில் இதைச் செய்து காட்ட முடியும்? ஆற்றையல்லவா கூட்டிக்கொண்டு வர வேண்டும்!

சாயமும் அப்படியே. முன்னாளில் சிவப்புக்குச் சப்பங்கி மரத்தைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு. இன்று பெரும்பாலும் ரசாயனச் சாயம். ரசாயனச் சிவப்பு கண்ணைப் பறிக்கும். சப்பங்கிச் சிவப்பு ஒரு படி அடங்கி, கோரையின் வெளிறிய பொன்னிறத்தோடு சண்டை போடாமல் உட்காரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்க வாய்த்தவர் பளிச்சென்ற பாயைப் பிறகு கையில் எடுக்க மாட்டார்.

100 முதல் 140 கவுண்ட் என்று பாய்க்காரர்கள் சொல்கிற நயப்பாய் ஒன்றை முடிக்க வாரங்கள் ஆகும். நுணுக்கம் கூடினால் மாதங்கள். அப்படிப்பட்ட பாயைத் துணிபோல மடித்து வைக்கலாம். 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகப் போனது பத்தமடைப் பாய். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவது இன்றும் நடக்கிறது. எழுத்து நெய்வது லேசான காரியம் இல்லை. கோரை நேர்கோட்டில்தான் போகும். தமிழ் எழுத்தோ வளைவால் ஆனது. 'ண'வையும் 'ஜ'வையும் படிக்கட்டுப் படிக்கட்டாக உடைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் வளைவாகத் தோன்றும்படி நெய்கிறவரைக் கணக்கர் என்றும் சொல்லலாம், சித்திரக்காரர் என்றும் சொல்லலாம். 2013இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் வந்தது. குறியீடு பெயரைக் காக்கும். பிளாஸ்டிக் பாயின் விலையோடு போட்டி போடும் வேலையை அது செய்யாது.

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் முழுதும் காட்ட முடியாத இந்தப் பாய் வேலைக்கு நேர் எதிர். அடுப்பு, அம்மி, உரல், திருகை, குடம் என்று ஒரு வீட்டு அடுக்களையே உள்ளங்கையில் அடங்கும். மரக்கடைசல் வேலையில் காட்சிக்கு மிஞ்சியது ஏதும் இல்லை. சுழலும் கட்டையில் உளி படும்போது மரம் சுருள் சுருளாகப் பறக்கும். உருவம் வந்ததும் நிறமேற்றிய அரக்குக் குச்சியைச் சுழல்கிற மரத்தின் மேல் அழுத்துவார்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிவிடும். அடுப்பு இல்லை, தூரிகை இல்லை. குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகராது, பெரியவர்களும்தான். முழுக் கலையும் சில நிமிடங்களில் கண்முன் நடந்து முடிந்துவிடுகிறது. நல்ல சொப்பை அறியக் கண்ணைவிட விரல் உதவும். அரக்கு எங்கும் ஒரே கனமாக இருக்கிறதா, குடத்தின் கழுத்துப் பள்ளத்திலும் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவசரக்காரர் விட்டுவிடுகிற இடம் கழுத்துதான்.

செய்து காட்டுவதற்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. லண்டனில் இந்தியப் பட்டுகளை விற்றுப் பேர் வாங்கிய லிபர்ட்டி கடைக்காரர்கள் 1885இல் ஒரு யோசனை செய்தார்கள். சரக்கை மட்டும் காட்டினால் போதாது, செய்கிற ஆட்களையே காட்டுவோம் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலேற்றி, பேட்டர்சி பூங்காவில் ஒரு 'இந்திய கிராமம்' அமைத்து உட்காரவைத்தார்கள். லண்டன் குளிரில் அந்த முயற்சி தோல்வியில் முடிந்தது. வந்தவர்கள் பட்ட பாடுதான் மிச்சம். மறு ஆண்டே, 1886இல் லண்டனில் நடந்த காலனி, இந்தியக் கண்காட்சிக்கு முப்பத்து நான்கு கைவினைஞர்கள் போனார்கள். அவர்களில் பலர் ஆக்ரா சிறைச்சாலையில் தொழில் பழகியவர்கள். பரம்பரைக் கலைஞர்கள் என்று நம்பிக் கூட்டம் அவர்களைப் பார்த்தது. விக்டோரியா அரசி ருடால்ஃப் ஸ்வபோடா என்ற ஓவியரைக் கொண்டு அவர்களில் சிலரை வரையச் செய்தார். அந்த முகங்கள் இன்னும் ஆஸ்போர்ன் மாளிகையில் தொங்குகின்றன. செய்த பொருளைவிடச் செய்தவரை வேடிக்கைப் பொருளாக்கிய காலம் அது. இன்றைய கண்காட்சிகளில் கைவினைஞரிடம் கேட்காமலே முகத்துக்கு நேரே செல்போனை நீட்டுகிறவர்கள் அந்தக் காலத்தை விட்டு அதிக தூரம் வந்துவிடவில்லை.

சரியாகச் செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா, நான்கு தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறது. அங்கே கைவினை மேடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. நெசவாளர் வீட்டுக்குள் தறிக்குழி எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது, ஆள் எங்கே உட்காருவார் என்று பார்த்தபிறகு சேலையைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும். குயவர் சக்கரத்தில் பார்வையாளரும் உட்கார்ந்து களிமண்ணில் கைவைக்கலாம். தன் கையில் மண் கோணிக்கொண்டு சரிந்தபிறகு, குயவர் எழுப்புகிற பானையின் விளிம்பு ஏன் ஆடாமல் நிற்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ரசனையை வளர்க்க இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

சங்கரன்கோவிலின் சொந்தக் கைத்தொழில் நெசவு. ஆனால் அதற்கு மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை. இன்று ஊரில் கேட்பது விசைத்தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பாவில் ஒரு இழை அறுந்தால் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றைக் கண்டு, தறியை நிறுத்தி, நுனிகளைத் தேடிப் பிடித்து, விரல் நுனியில் முடிச்சிட்டு, விழுதிலும் அச்சிலும் அதன் இடத்தில் கோத்து மறுபடி ஓட்டுவதற்குள் அடுத்த தறியில் நூல் தீர்ந்திருக்கும். ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்கிறார். இயந்திரம் நெய்கிறது என்று சொன்னாலும் பிழையைத் திருத்துவது கைதான். கைத்தறிதான் கலை, விசைத்தறி வெறும் உற்பத்தி என்று கோடு கிழிப்பவர்கள் இந்த முடிச்சைப் பார்க்காதவர்கள். பருத்திச் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நல்ல தறிக்காரரின் துணியில் அந்த முடிச்சு எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆடித்தபசுக் கூட்டம் ரத வீதிகளை நிறைக்கிற நாட்களில், வீதியோரம் ஒரு நிழலான இடத்தைச் செய்பவர்களுக்கென்று ஒதுக்கலாம். பத்தமடையிலிருந்து பாய் நெய்பவர், அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர், உள்ளூர்த் தறிக்காரர், பூக்கட்டுகிறவர். பூக்கட்டுகிறவரை வெளியிலிருந்து அழைக்கவும் வேண்டாம், ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். விற்பனையை நம்பி அவர்களை வரச்சொல்லக் கூடாது. செய்து காட்டுவதும் வேலைதான். கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே நெய்கிறவர் வீட்டில் நெய்வதில் பாதிகூட நெய்ய முடியாது. உட்கார்ந்த நாளுக்கு நாள் சம்பளம் கொடுத்து, பயணச் செலவும் தங்க இடமும் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். பாயோடு கூட, பிளக்காத கோரை ஒரு கட்டு, ஊறியது ஒரு கட்டு, கிழித்தது ஒரு கட்டு என்று மூன்றையும் தொட்டுப் பார்க்க வைத்தால் ஆற்றில் நடக்கிற வேலையில் கொஞ்சமாவது ஜனங்களுக்குப் புரியும்.

அதுவரை வாங்குகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடைக்காரர் அனுமதியோடு பாயை ஒரு முறை மடித்துப் பாருங்கள், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், சொப்புக் குடத்தின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். பிறகு விலை கேளுங்கள். பேரம் பேசுவதானால் பிளாஸ்டிக் கடையில் பேசிக்கொள்ளலாம்.