சுழல் ரைஃபிளின் இடது கைச் சிக்கல்

கைத்துப்பாக்கியில் அருமையாக வேலை செய்த ஏற்பாடு, ரைஃபிளில் ஏன் சொதப்பியது? சாமுவேல் கோல்ட்டின் 1855ஆம் ஆண்டு மாடல் சுழல் ரைஃபிளை எடுத்துக்கொண்டால், கோளாறு சுடுபவரின் இடது கை இருக்கும் இடத்தில்தான்.

குண்டுகளுக்கான அறைகள் கொண்ட சிலிண்டர் தடையின்றிச் சுழல, அதற்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் அதன் வழியே சூடான வாயுவும் ஈயத் துணுக்குகளும் பக்கவாட்டில் பீறிடும். கைத்துப்பாக்கியில் கை பின்னால் இருப்பதால் பிழைத்தோம். ரைஃபிளையோ இடது கை முன்னே நீண்டு தாங்க வேண்டும். இதைவிடப் பயங்கரம் சங்கிலி வெடிப்பு. மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைத் திணித்து, பின்புறம் தீமூட்டும் கேப் மாட்டும் முறையில், ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவினால் குழலுக்கு நேராக இல்லாத குண்டும் கிளம்பும். அதன் பாதையில் முன்கை. தீ தாவாமல் இருக்கக் குண்டின் மேல் கொழுப்புப் பூசினார்கள். இடது கையைச் சிலிண்டருக்குப் பின்னால் வைத்துச் சுட்டார்கள். கை காப்பாற்றப்பட்டது, முன்பாரம் தாங்க ஆளில்லாமல் குறி ஆடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெர்டனின் குறிசுடும் படையினர் 1862இல் இந்த ரைஃபிளை வேண்டாவெறுப்பாக வாங்கி, ஷார்ப்ஸ் ரைஃபிள் வந்ததும் கைகழுவியதில் வியப்பில்லை.

ஆனாலும் இதை வெறும் வேடிக்கைப் பொருளாக ஒதுக்குவது அநியாயம். அதே போரில், 1863 செப்டம்பர் 20, சிக்கமாகா சண்டை: ஒஹையோவின் 21ஆம் ரெஜிமென்ட்டில் பெரும்பாலோர் கையில் இருந்தது ஐந்து குண்டு கோல்ட்தான். ஒரே நாளில் 43,000க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுத் தீர்த்து, ஒரு மேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவர்களைக் கவிழ்த்தது துப்பாக்கி அல்ல, தோட்டாத் தட்டுப்பாடு. வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கியில் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே கெட்டிக்காரர் என்ற காலம் அது.

உலோகத் தோட்டா வந்ததும் எல்லாம் சரியாகியிருக்க வேண்டாமா? பாதிதான் சரியானது. மருந்து, குண்டு, தீமூட்டி மூன்றும் செப்பு உறைக்குள் அடங்கின. வெடிக்கும்போது உறை விரிந்து அறையின் பின்வாயை இறுக அடைத்தது. சங்கிலி வெடிப்பு அநேகமாக ஒழிந்தது. முன்னிடைவெளி மட்டும் அப்படியே நின்றது. போதாக்குறைக்கு, பின்புறம்வரை முழுதும் துளைத்த சிலிண்டருக்கான 1855 காப்புரிமை ரோலின் வைட் கையில் இருந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 25 சென்ட் கொடுத்து அதைப் பயன்படுத்தியது. கோல்ட் நிறுவனம் அந்தக் காப்புரிமை முடியும் 1869 வரை காத்துக்கிடந்தது.

அதற்குள் 1860இலேயே ஸ்பென்சரும் ஹென்றியும் வேறு வழி கண்டிருந்தார்கள். குழலோடு ஒட்டிய ஒரே அறை. தோட்டாக்கள் தனிக் குழாயில் வரிசையாக. ஸ்பென்சரில் குழாய் பின்கட்டைக்குள் ஏழு தோட்டா தாங்கும். ஹென்றியில் குழலுக்கு அடியில் பதினாறு. மெல்லிய உறை அதிக அழுத்தம் தாங்காததால் ஹென்றியின் தோட்டாவுக்கு வலுக் குறைவுதான். ஆனால் இடைவெளி என்ற பேச்சே இல்லை. உலோகத் தோட்டாவின் முழுப்பலன் கிடைத்தது இவற்றுக்குத்தான்.

1879இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சுழல் ரைஃபிள் செய்து பார்த்தது, ஆயிரம்கூடத் தயாராகவில்லை. பின்னர் பெல்ஜியத்தின் ஹென்றி பீப்பர், சுடும் நொடியில் சிலிண்டரை முன்தள்ளி இடைவெளியை அடைக்கும் கார்பைன் என்ற குட்டை ரைஃபிளைச் செய்தார். பழைய நோய்க்குச் சரியான மருந்து அது. ஆனால் 1886இலேயே பிரான்சின் லெபல் ரைஃபிள், புகையில்லா வெடிமருந்துத் தோட்டாக்கள் எட்டைக் குழாயில் அடுக்கிக்கொண்டு வந்துவிட்டது.