அஞ்சலியின் அம்மா, லைலாவின் அம்மா

மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யில் (1990) மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைக்குத் தாயாக வந்தவர் ரேவதி. குழந்தை இறந்துபோகும், வீடே கதறும். 24 ஆண்டுகள் கழித்து ஷோனாலி போஸின் ‘மார்கரீட்டா வித் எ ஸ்ட்ரா’வில் அதே ரேவதி, பெருமூளை வாதம் உள்ள லைலாவுக்குத் தாய். இங்கே மகள் பாட்டெழுதுகிறாள், காதலிக்கிறாள், படிக்க நியூயார்க் போகிறாள். புற்றுநோயில் போய்ச்சேர்வது அம்மா.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ரேவதியின் நடிப்பு எவ்வளவு வற்றி, எவ்வளவு ருசியேறியிருக்கிறது என்பது தெரியும். ‘அஞ்சலி’யில் பாசம் கண்ணில் வழியும். இதில் அது கைவேலை: மகளைக் குளிப்பாட்டுவது, வேன் ஓட்டுவது. செய்கிற வேலையில் அலுப்பும் உண்டு, பெருமையும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் நடிப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

லைலா, கல்கி கேக்லான். புதுச்சேரியில் பிறந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். லைலாவின் குழறல் முதலில் நமக்குப் பிடிபடாது. பிறகு காது பழகிவிடுகிறது. கல்லூரிப் பாட்டுப் போட்டியில் அவள் குழுவுக்குப் பரிசு. ஊனமுற்ற பெண் எழுதினாள் என்பதற்காகத்தான் கொடுத்தோம் என்று மேடையில் இருப்பவர் உருகுகிறார். லைலா நடுவிரலைக் காட்டுகிறாள். எழுத்துக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பை இரக்கம் தட்டிப் பறிப்பதற்கு அதைவிட மரியாதையான பதில் இல்லை.

நியூயார்க்கில் கானும் (சயானி குப்தா) வருகிறாள், பார்வையற்றவள். சின்ன வயதிலிருந்து லைலாவின் உடம்பைத் தொட்ட கைகள் பெரும்பாலும் உதவிக்குத் தொட்டவை. கானும் ஆசையோடு தொடுகிறாள். படத்தின் மையம் எனக்கு அதுதான்.

அம்பத்தூரில் எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து பார்த்தோம். காதல் காட்சி வந்ததும் ஓர் அக்கா அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டார். தான் ஒரு பெண்ணைக் காதலிப்பதை மகள் சொல்ல, அம்மாவின் முகம் இறுகும் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். “ரேவதி மூஞ்சியப் பாரேன், அப்படியே எங்கம்மா” என்றார். 2015 ஏப்ரலில் படம் இங்கே திரைக்கு வந்தபோது தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப் பிரிவு உயிரோடுதான் இருந்தது. உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது 2018 செப்டம்பரில். சட்டத்தைவிட அந்த முகம் பெரிய தடை என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

2010இல் 16 வயது மகனைப் பறிகொடுத்த பிறகு ஷோனாலி எழுதிய கதை இது. அதனாலோ என்னவோ, இரங்கல் கூட்டக் காட்சியில் பொய்யான ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. முன்பே பதிவு செய்த லைலாவின் குரல் கருவியிலிருந்து ஒலிக்கிறது. அந்தப் பேச்சை முதலில் புரிந்துகொண்டவளுக்கான பேச்சு. அதைக் கேட்க அவள் இல்லை. ஊராருக்குப் புரிகிறதா என்ற கவலையும் லைலாவுக்கு இல்லை.

ஒரு குறை. லைலா வேறொருவனோடு இருந்ததைச் சொன்னதும் கானும் பிரிந்து போகிறாள். அம்மாவுக்காக அழ இவ்வளவு இடம் கொடுத்த படம், அந்தப் பிரிவை அவசரமாகக் கடந்து, லைலாவைக் கண்ணாடி முன் ஒயிலாக உட்கார வைத்துவிடுகிறது. போன காதலிக்கும் ஒரு துக்கம் பாக்கி இருக்கிறது. அந்தக் கணக்கைப் படம் தீர்க்கவில்லை.