பின்சீட்டில் இருந்து எழுதியவர்

1907 ஜனவரி 31. பாரிஸின் 'லெ மத்தான்' நாளிதழில் ஒரு சவால் வெளியானது. வருகிற கோடையில் பீகிங்கிலிருந்து பாரிஸ் வரை காரில் வர யாராவது தயாரா? அவ்வளவுதான். விதிமுறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வழியில் பல இடங்களில் பாதையே இல்லை. நான்கு வருடம் முன்புதான் பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் ஓட்டியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் செத்து, பந்தயத்தைப் பாதியிலேயே போர்தோ நகரில் நிறுத்தியிருந்தார்கள். இப்போது வேகத்துக்குப் பதில் தூரம்.

ஜூன் 10ஆம் தேதி பீகிங்கிலிருந்து ஐந்து வண்டிகள் கிளம்பின. இத்தாலிய இளவரசர் ஷிப்பியோனே போர்கேசேயின் 'இட்டாலா', ஒரு டச்சு 'ஸ்பைக்கர்', இரண்டு பிரெஞ்சு 'தெ தியோன்', 'கோந்தால்' என்கிற ஒரு மூன்று சக்கர வண்டி. சுமார் 15,000 கிலோமீட்டர். சரியாக இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 10 அன்று இட்டாலா பாரிஸுக்குள் நுழைந்தது. மற்றவர்கள் வர இன்னும் பல நாட்கள் ஆயின. கோந்தால் வரவேயில்லை. கோபி பாலைவனத்தில் பெட்ரோல் தீர்ந்து, அதை அங்கேயே விட்டுவிட்டு, ஓட்டியவர்கள் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

இட்டாலாவில் மூன்று பேர். இளவரசர், மெக்கானிக் எத்தோரே குயிட்சார்தி, 'கொரியேரே டெல்லா செரா' நிருபர் லூயிஜி பார்சினி. பார்சினி அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய தடித்த புத்தகம் 1908இல் வந்தது. தொலைதூர ரேலி பற்றி இன்று யார் எழுதினாலும், அவர்கள் இதைப் படித்திருக்காவிட்டாலும், இதன் அச்சிலிருந்துதான் எழுதுகிறார்கள் என்பேன். கிளம்பும் இடத்துப் பரபரப்பு, முதல் பழுது, பாலைவனம், பாலம் உடைதல், ஊர் ஊராக வரவேற்பு, கடைசியில் மழையும் கூட்டமும்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் அபாரமாக எழுதுகிறார். ஆனால் எங்கே? கார் ஓடும் பக்கங்களில் இல்லை. கார் ஓடும்போது அவரிடம் இருப்பது புல்வெளி, வானம், காற்று; அதையே திரும்பத் திரும்ப வேறு சொற்களில் சொல்கிறார். கார் நின்றுபோகும்போதுதான் புத்தகம் ஓட ஆரம்பிக்கிறது. கோபி நடுவே ஒரு தந்தி அலுவலகம். பார்சினி தன் செய்தியைக் கொடுக்கிறார். அதற்கு விழும் வரிசை எண் ஒன்று. அந்த அலுவலகம் திறந்து ஆறு வருடம் ஆகியிருக்கிறது. அங்கிருந்து போகும் முதல் தந்தி அதுதான். பிறகு யூரல் மலைப் பக்கம் மரச்சக்கரம் உடைகிறது. ஒரு கிராமத்துத் தச்சர் கோடாலியை வைத்துக்கொண்டு புதுச் சக்கரம் செய்கிறார். அந்தச் சக்கரத்தில்தான் கார் மேற்கே போகிறது. சைபீரியாவில் மரப்பாலம் உடைந்து கார் பின்பக்கமாகக் கீழே விழும் இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். என் தொழிலில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். எல்லாம் சரியாக ஓடும் நாளின் லாகை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

புத்தகத்தின் தொடக்கத்தில் இன்னொரு விஷயம் வருகிறது. ரேலி ரசிகர்கள் அதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள். பீகிங்குக்கு வடக்கே மலை. கணவாய்களின் அகலத்தை அளக்க, காரின் அகலத்துக்கு வெட்டிய ஒரு மூங்கில் கழியோடு போர்கேசே முன்கூட்டியே குதிரையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். (உள்ளூர நான் ரசித்த இடம் இது. எந்த சென்சாரும் இதைவிட நேர்மையாக அளந்துவிடாது.) ஆனால் கழி நுழைந்தால் கார் ஏறிவிடுமா? ஏறாது. மேலே இருந்த பாகங்களையெல்லாம் கழற்றி, கயிறு கட்டி, சீனக் கூலியாட்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். உலகத்தின் முதல் மாபெரும் கார் பயணம் தன் முதல் சில நாட்களை மனிதர்களின் தோளில் கடந்தது. அவர்களைக் குறிக்க ஐரோப்பியர்கள் எழுதிய அந்தச் சொல், நம் 'கூலி'யிலிருந்தே போனது என்று சொல்கிறவர்கள் உண்டு.

பார்சினி இதை மறைக்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதுகிறார். அவர்களுடைய குரல், கயிறு விறைப்பது, திருப்பங்களில் கார் சரியப் பார்ப்பது எல்லாம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். இழுத்தவர் ஒருவரின் பெயர்கூட நம் நினைவில் நிற்பதில்லை. அவர்கள் ஒரு கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாக விடைபெறுகிறார்கள். சமவெளி வந்ததும் கார் 'சுதந்திரம்' அடைகிறது. குயிட்சார்திக்கும் கொஞ்சம் இதே கதிதான். ரயில் எஞ்சின் ஓட்டுநரின் மகன், அந்த இரண்டு மாதமும் காரின் அடியில் படுத்துக் கிடந்த ஆள். புத்தகம் அவரை அன்போடுதான் நடத்துகிறது. ஆனால் அது முதலாளி வீட்டுப் பிள்ளை வேலைக்காரரிடம் காட்டும் அன்பு. வெற்றி இளவரசருடையது. அவரோ நடுவழியில் ஒரு விருந்துக்காக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை சுற்றிப் போனவர்!

பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாலை பக்கவாட்டில்தான் தெரியும் என்பது என் எண்ணம். பார்சினியின் பலமும் அதுதான், எல்லையும் அதுதான். ஓரத்தில் நிற்கிறவர்களைத் துல்லியமாகப் பார்க்கிறார். அவர்கள் நிலக்காட்சியின் ஒரு பகுதியாக மட்டும் இருக்கிறார்கள்.

1997இல் இதே பீகிங்–பாரிஸ் பயணத்தைப் பழைய கார்களுக்கான போட்டியாக மீண்டும் நடத்தினார்கள். இம்முறை திபெத், நேபாளம் வழியாக இந்தியாவுக்குள்ளும் வந்தது. அதில் ஜெயித்தது ஒரு வில்லீஸ் ஜீப் என்பது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். பளபளப்பான வண்டிகள் பின்னால் வந்தன. ஆனால் இந்த மாதிரிப் போட்டிகளில் கலந்துகொண்டவர்கள் எழுதி நான் படித்தவற்றில் பார்சினியின் பொறுமை இல்லை. பழுது, உதிரி பாகம், ஹோட்டல், நேரப் புள்ளி. வழியில் கையசைக்கும் குழந்தைகள் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறார்கள்.

எங்கள் பக்கமும் இந்தக் கண் வந்துவிட்டது. சனி ஞாயிறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மிமிசல் என்று ஸ்போர்ட்ஸ் கார்களும் பெரிய பைக்குகளும் வரிசையாகப் போகும். அவர்களுடைய வீடியோக்களில் புதுக்கோட்டை மாவட்டம் 'காலியான நேர் ரோடு' என்று பாராட்டு வாங்கியிருக்கிறது. காலியா? அந்த ரோட்டில் மீன்கூடையோடு ஒரு அம்மா நிற்பது அதே வீடியோவில் அரை நொடி தெரிகிறது.

நான் புதுக்கோட்டைக்காரன். 'ரேலி' என்ற சொல்லைக் கேட்டால் எங்களில் கொஞ்சம் வயதானவர்களுக்குக் கார் ஞாபகம் வராது. 1992 மார்ச் 8, பெண்கள் தினம். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை ஊருக்குள் வந்தார்கள். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். இதை வெளியுலகத்துக்குச் சொன்ன முக்கியமான எழுத்து பி. சாய்நாத்துடையது. 1996இல் வந்த அவருடைய 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' நூலில் ஒரு அத்தியாயம். இந்தி படிக்கும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புப் பாடமாகவே போயிருக்கிறது.

பார்சினியை முடித்த கையோடு அதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். யார் ஓட்டுகிறார்கள் என்ற கேள்வியில் சாய்நாத் எங்கேயோ இருக்கிறார். இங்கே சாலையோரத்தில் நின்றவர்கள்தான் வண்டியில் இருக்கிறார்கள். குவாரியில் கல் உடைக்கிற பெண்களும் கற்றுக்கொள்கிறார்கள். தண்ணீர்க் குடம், பிள்ளை, விளைபொருள் என்று சுமையோடு போகிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் மிச்சமாகிறது. அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போக யார் தயவும் வேண்டியதில்லை. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினார்கள். சில பெண்களுக்கு அதுவே பிடித்தும் போனது, 'பார்' மேல் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று. இந்த ஒரு தகவலுக்காகவே அந்த அத்தியாயத்தை நான் தலையில் வைத்துக்கொள்வேன். அந்தப் பாரில் துண்டைச் சுற்றி உட்கார்ந்து வளர்ந்தவன் நான். குழியில் இறங்கும்போது தொடை எப்படி வலிக்கும் என்று என்னைக் கேளுங்கள்.

ஆனால் அந்த வலி சாய்நாத்திடம் இல்லை. அவருடைய பெண்கள் பயணத்தின் முடிவுகளைச் சொல்கிறார்கள்: சுதந்திரம், நேரம், வருமானம், ஆண்களின் கேலியைத் தாண்டியது. ஓட்டுவதைச் சொல்வதில்லை. நிருபர் வந்து சேரும்போது அவர்கள் ஏற்கெனவே கற்று முடித்தவர்கள், அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை கட்டிக் கற்க வந்து நிற்பவர்கள். நடுவில் என்ன நடந்தது? செயினில் புடவை மாட்டியது, கருவேல முள்ளில் டியூப் போனது, செம்மண் சரளையில் முழங்கால் கிழிந்தது, அதை வீட்டில் யாரிடம் மறைத்தது? பார்சினியிடம் கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ஒரு சக்கரம் உடைவதற்கு அவர் ஒதுக்கிய பக்கங்களில் பாதியாவது, ஒரு பெண் முதல் முறை பிரேக் பிடிப்பதற்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அத்தியாயம் சின்னது, அவர் நோக்கம் வேறு, தெரியும். பத்திரிகையாளரிடம் நாவலைக் கேட்பது நியாயமில்லைதான். என் புகார் அவர் மேல் இல்லை. முப்பது வருடமாக அந்த ஒரு அத்தியாயத்தையே மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிற நம் மேல். அதைச் சொல்லாத மகளிர் தினக் கட்டுரை அபூர்வம். அதைத் தாண்டிப் போய் எழுதிய ஒரு நாவலோ தன்வரலாறோ தமிழில் இதுவரை என் கண்ணில் படவில்லை.

இத்தனைக்கும் அது எழுத்தறிவு இயக்கம். ஒரே மாதங்களில் பேனா பிடிக்கவும் ஹேண்டில்பார் பிடிக்கவும் கற்றவர்கள் அவர்கள். பார்சினி மாதிரி பின்சீட்டு ஆள் தேவைப்படாத ரேலி என்று ஒன்று இருக்குமானால் இதுதான். ஓட்டியவர்களே எழுதியிருக்கலாம். அறிவொளி முடிந்தபிறகு எழுத என்ன காரணம் கிடைத்தது அவர்களுக்கு? கையெழுத்து, மனு, ரேஷன் கார்டு. சைக்கிளுக்கு மட்டும் தினமும் வேலை இருந்தது.

அன்று இருபத்தைந்து வயதில் ஓட்டியவர்களுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. பலருக்கு மூட்டுவலி; பேத்திகள் ஸ்கூட்டியில் போகிறார்கள். எனக்குப் படிக்க வேண்டிய புத்தகத்துக்கான கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஊருக்குப் போகும்போது ஒவ்வொருவராகக் கேட்கலாம் என்று. எந்தப் பொட்டலில் கற்றுக்கொண்டீர்கள்? வாடகை சைக்கிளா, மணிக்கு எவ்வளவு? முதல் தடவை கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தது யார்? எந்த இடத்தில் கையை விட்டார்கள், அது உங்களுக்கு எப்போது தெரிந்தது?