சுதீர் பட்வர்தனின் மாந்தர்

மும்பைக்கு அணித்தாய தானே நகரில் 1975 முதல் 2005 வரை எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆயும் மருத்துவராய்ப் பணியாற்றியவர் ஓவியர் சுதீர் பட்வர்தன். எலும்பையும் தசையையும் நாள்தோறும் நோக்கிய கண் அவருடையது. ஆதலின், 1977 இல் வரைந்த 'இரானி உணவகம்' முதலிய படங்களில் எளிய மனிதனின் உடற்பாரமே காண்போர் உள்ளத்தில் முதற்கண் பதிகின்றது. அவன் வீரனுமல்லன், இரக்கத்துக்குரிய ஏழையுமல்லன். இரக்கம் வேண்டிக் கையேந்தும் ஓவியங்கள் மலிந்துள்ள காலத்தில் இஃது அருமையே.

2001 இல் தீட்டிய 'லோவர் பரேல்' வேறு வகையினது. 1982 இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தின்பின் நலிந்த பஞ்சாலைப் பகுதி அது. படத்தில் ஊர் பெருத்தது, ஆள் சிறுத்தான். இதனைக் குறையென்பாரும் உளராகலாம். ஆலைகள் மூடப்பட்டபின் தொழிலாளியை நகர் அவ்வாறன்றோ கண்டது? ஓவியர் பொய்யுரைத்தாரல்லர். ஆயினும், முந்திய படங்களில் அருகிருந்து நோக்கிய அம்மனிதனை இப்பரப்பிலே கண்கள் தேடவே செய்கின்றன.