பார்த்த பின் தீர்ப்பா, பார்க்குமுன் தீர்ப்பா?

ஆண்டின் இறுதி வந்துவிட்டால் போதும், பட்டியல்கள் பவனி வரத் தொடங்கிவிடும். சிறந்த படங்கள் பத்து! மனத்தைக் கவர்ந்த பத்து! மறக்கவொண்ணாத பத்து! அந்தப் பத்துக்குள்ளே எது முதலாவது, எது மூன்றாவது என்று தெருமுனையில் போர். தேநீர்க் கடையில் பட்டிமன்றம். போர் நடக்கட்டும். ஆனால் பட்டியல் தருவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பத்தைப் பொறுக்கி எடுத்தீரே, பார்த்தது எத்தனை? பாராது விட்டது எத்தனை? விட்டதற்குக் காரணம் என்ன?

ஓடைப்பட்டித் தோழர்களுக்கு இதை விளக்க ஏட்டுச் சான்று தேவையில்லை. பந்தலிலே திராட்சை விளையும் ஊர் அது. பந்தலின் ஓரத்தில், கைக்கு எட்டிய இடத்தில் தொங்கிய நாலு குலையைப் பறித்துக்கொண்டு, “தோட்டத்திலேயே சுவையான குலை இதுதான்” என்று ஒருவர் சாதித்தால் என்ன செய்வர்? நகைப்பர். “உள்ளே போய்ப் பார்த்தீரா, ஐயா?” என்பர். தோட்டத்துக்குக் கேட்கும் கேள்வியைத் திரைப்படத்துக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஓராண்டில் வெளிவந்த தமிழ்ப் படங்கள் 200க்கும் மேல். ஓடைப்பட்டிப் படிப்பகம் ஒன்றில் இளைஞர் சிலர் கூடி, ஆண்டுப் பட்டியல் ஒன்று வகுக்க முனைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பகலெல்லாம் தோட்டத்தில் உழைப்பவர்கள். படம் பார்க்கச் சின்னமனூருக்கோ தேனிக்கோ பேருந்து ஏற வேண்டியவர்கள். மாதத்துக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 படங்கள். மீதி? எட்டில் ஏழு பங்குப் படங்களின் மீது, பார்க்காமலே தீர்ப்பு எழுதியாகிவிட்டது! அந்தத் தீர்ப்பை எழுதியவர் யார்? இளைஞர்களா? இல்லை. சுவரொட்டியின் அகலம் எழுதிற்று. நடிகர் பெயரின் பெருமை எழுதிற்று. இந்நாளில் கைப்பேசித் திரையே வரிசை கட்டி, “இதைப் பார், அதைப் பார்” என்று ஆணையிடுகிறதே, அது எழுதிற்று. பிறர் பொறுக்கித் தந்த 24க்குள் நாம் பத்தைப் பொறுக்கிவிட்டு, ‘நம் தேர்வு’ என்று மார் தட்டுகிறோம். பகுத்தறிவு பேசுவோர்க்கு இது அழகாகுமா?

ஒரே ஆண்டில் வந்த இரு படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். மே 3ஆம் நாள் வந்தது சுந்தர் சி.யின் ‘அரண்மனை 4’. ஆகஸ்டு 23ஆம் நாள் வந்தது பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. இரண்டிலும் பேச்சு பேயைப் பற்றியதுதான். முன்னதில் ‘பாக்’ எனும் தீய ஆவி. அதை எதிர்க்க, இறந்துபோன தாயின் ஆவி. பேய் உண்டு என்பதைப் பார்ப்பவர் முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் இருக்கையில் அமர வேண்டும். பின்னதில் பேய் எங்கே? தேடித் தேடிப் பாருங்கள், கிடைக்காது! கிடைப்பவர்கள் மனிதர்கள். வேறு சாதி இளைஞனை விரும்பிய மீனா வாய் மூடி மௌனம் காக்கிறாள்; அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று குடும்பமே கூடி, ஆட்டோவில் ஏற்றிப் பூசாரியிடம் கொண்டு போகிறது. வழியில் ஒலிபெருக்கி பாடிய பாட்டை அவள் முணுமுணுக்கிறாள். அந்தக் குற்றத்துக்கே அடி, உதை! அவளுக்கு மட்டுமா? தடுக்க வந்தோருக்கும். பேய் பிடித்திருப்பது யாரை என்று படம் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே நம் நெஞ்சில் எழுதிவிட்டது.

பின்னணி இசையே இல்லாமல் எடுக்கப்பட்ட படம் அது. சாலையின் இரைச்சலும் சேவலின் படபடப்புமே அதற்கு இசை. வழியை மறித்து நிற்கும் காளையை அசைக்க முடியாமல் ஆண்கள் திகைத்து நிற்க, சிறுமியொருத்தி வந்து எளிதில் ஓட்டிச் செல்கிறாளே, அந்தக் காட்சி ஒன்று போதும். ஆணின் அதிகாரம் எத்துணைப் பொய்யானது என்பதற்கு வேறு சொற்பொழிவு தேவையில்லை.

இத்தகைய படம் விரைவிலேயே அரங்குகளை விட்டு அகன்றது. “அது விழாவுக்கு எடுத்த படமப்பா, நமக்கேது?” என்றனர் சிலர். யாருக்கு ஏது? பெர்லின் நகரத்து விழாவில் அதைப் பார்த்தவருக்கு உசிலம்பட்டிச் சாலை தெரியாது. பூசாரியின் பிரம்பு தெரியாது. முறைமாமன் உரிமை என்றால் என்னவென்று தெரியாது. நமக்குத் தெரியும்! நம் வீட்டுத் திண்ணையைக் காட்டிய படம் பெர்லினுக்குப் புரியும், கம்பம் பள்ளத்தாக்குக்குப் புரியாது என்பது, நம் மக்களின் அறிவை இழித்துரைப்பதன்றி வேறென்ன?

அதே ஆகஸ்டு 23ஆம் நாள் வந்த மற்றொரு படம், மாரி செல்வராஜின் ‘வாழை’. பள்ளி நாட்களில் ஏடு, விடுமுறை நாட்களில் வாழைத்தார் என வாழும் சிறுவனின் கதை. ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கின்றனர் உழைப்பாளிகள். கூலி உயர்கிறது; ஆனால் தார் ஏற்றிய லாரியின் மேலேயே அவர்களும் ஏறிப் போக வேண்டியதாகிறது. கூட்டிக் கொடுத்த ஒரு ரூபாய், உயிர்களை விலையாகக் கேட்கிறது! வாழைத்தார் சுமந்த தோள்கள் தேனி மாவட்டத்தில் எத்தனை எத்தனை! இந்தப் படம் மக்களிடம் வரவேற்பும் பெற்றது. ஆகவே, கூட்டம் கூடினால் குப்பை, கூட்டம் கூடாவிட்டால் கலை என்று கோடு கிழிப்பதும் மடமை. 1949இல் ‘வேலைக்காரி’க்கும் 1952இல் ‘பராசக்தி’க்கும் கூட்டம் கூடவில்லையா? கருத்தும் இருந்தது, கூட்டமும் இருந்தது.

இங்கே நம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை தேவை. நம் கருத்தைப் பேசுகிறது என்பதற்காகவே ஒரு படத்தைத் தலைமேல் தூக்கி வைத்தல் ஆகாது. த.செ. ஞானவேலின் ‘வேட்டையன்’ என்கவுன்ட்டர் கொலையைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது. கேள்வி நல்ல கேள்வி. ஆனால் சுட்டுத்தள்ளும் நாயகனுக்குக் கைதட்டல் வாங்கித் தந்துவிட்டு, சுடுவது தவறு என்று பாடம் நடத்தினால், மாணவன் எதை நினைவில் கொள்வான்? கைதட்டலையா, பாடத்தையா?

இரா. சரவணனின் ‘நந்தன்’ இன்னொரு வகை. ஒதுக்கீட்டில் ஊராட்சித் தலைவரானவரை ஆதிக்கச் சாதியார் நாற்காலியிலும் அமரவிடாத கொடுமையைச் சொல்கிறது. கலைநயத்தில் அது முதல் வரிசையில் நிற்காது என்பது எம் கருத்து. ஆயினும் பாராது விடலாமா? நமக்கு அண்டையிலுள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் ஒதுக்கீட்டுக்கு வந்தும், 2006 வரை ஒரு தலைவர் நிலைத்துப் பணியாற்ற முடியவில்லையே! அந்த வரலாறு தெரிந்தவன் அந்தப் படத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆகவே, தோழர்களே, இரண்டையும் பிரித்து அறிவோம். ஒரு படத்தைப் பார்ப்பதற்குப் பொருள் போதும். பாராட்டுவதற்குக் கலையும் வேண்டும்.

பாராது விடுவதன் இழப்பு என்ன என்பதற்கும் பள்ளத்தாக்கிலேயே சான்று உண்டு. 2018 ஆகஸ்டு 24இல் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ வந்தது. இம்மண்ணிலேயே எடுத்த படம். பண்ணைப்புரத்து இளையராஜாவின் இசை. ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும். வாங்குகிறான், இழக்கிறான். முடிவில், தனதாயிருந்த அதே நிலத்தில் சுழலும் காற்றாலைக்குக் காவலாளியாக அமர்கிறான். அவ்வாண்டின் இறுதியில் ‘சர்கார்’ பெரிதா, ‘2.0’ பெரிதா என்றுதான் எங்கும் வழக்காடினர். தன் நிலத்துக்குத் தானே காவலாளியானவன் வழக்கில் சேர்க்கப்படவே இல்லை!

மலைக்கு அப்பாலும் பார்வை செல்லட்டும். குமுளியைக் கடந்தால் மலையாள நாடு. அந்நாட்டுச் செவிலியர் இருவரின் பம்பாய் வாழ்வைக் காட்டிய பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’, 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி பரிசு பெற்றது. 30 ஆண்டுகளுக்குப் பின் அவ்விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்ற இந்தியப் படம் அது.

“உழைத்துக் களைத்தவன் இரண்டரை மணி நேரம் சிரிக்க வந்தால், அவனுக்கும் சட்டதிட்டமா?” என்று கேட்பர். சிரிக்கட்டும்! யார் தடுத்தார்? களைப்பாறப் பார்ப்பது அவரவர் உரிமை. ஆனால் ‘ஆண்டின் சிறந்தவை’ என்று ஊரறியப் பலகையில் எழுதுவது தீர்ப்பு. தீர்ப்பு எழுதுபவனுக்குக் கடமை உண்டு.

என்ன கடமை? பார்க்கப்போகும் 24ஐ முன்கூட்டியே பங்கிடுவோம். ஊரே பார்த்த படங்களில் ஆறு; மக்கள் எதில் மயங்குகின்றனர் என அறிய இது வேண்டும். வந்த சுவடு தெரியாமல் அரங்கை விட்டுப் போனவற்றில் பன்னிரண்டு. நம் கருத்துக்கு மாறானவை என்று நாம் கருதுபவற்றில் மூன்று. எதிரியின் வாதத்தைக் கேளாதவன் தன் வாதத்தையும் அறியான். பிற மொழிப் படங்கள் மூன்று. செலவுக்கு அஞ்ச வேண்டாம். படிப்பகத்தார் தமக்குள் பிரித்துக்கொண்டு பார்க்கலாம், பார்த்ததைக் கூடிப் பேசலாம். பட்டியலின் கீழே, பார்த்த படங்கள் அனைத்தின் பெயரையும் எழுதட்டும். பாராதவை இன்னின்ன என்பதையும் மறைக்காது எழுதட்டும்.

மீனா படத்தில் ஏறக்குறைய வாய் திறக்கவே இல்லை. அவளைப் பார்க்காமலே அவளுக்குப் பேய் என்று தீர்ப்புச் சொன்னது குடும்பம். அவள் கதையைப் பார்க்காமலே அது நமக்கான படமன்று என்று தீர்ப்புச் சொன்னது ஊர். முதல் தீர்ப்பைக் கண்டிக்கும் நாம், இரண்டாவது தீர்ப்பில் கையொப்பம் இடலாமா?