முதுநிலை மருத்துவப் பயிற்சியும் கல்லூரி இணையதளங்களும்: திருநெல்வேலியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தாமிரபரணிப் படுகையில் அரசு மருத்துவக் கல்வியின் நடுவிடம் பாளையங்கோட்டை. 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் 1965-இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் அங்குத் தொடங்கப்பெற்றன. இரண்டிலும் பட்டமேற்படிப்புகள் நடைபெறுகின்றன. ஒரு துறையில் மூன்றாண்டுகளைக் கழிக்கவிருக்கும் மருத்துவர், அத்துறையைப் பற்றி முன்கூட்டியே எவற்றை அறிய முடியும் என்பது சிறிய வினா அன்று. ஆயினும் கல்லூரி இணையதளங்களின் தரத்தை அளக்க இன்று வழங்கும் முறைகள் அவ்வினாவைத் தொடுவதில்லை.

இவ்வகை ஆய்வுகள் அமெரிக்காவில் மிகுதி. ஒரு சிறப்புத் துறையை எடுத்துக்கொண்டு, அதன் பயிற்சித் திட்டங்களின் இணையதளங்களில் சுழற்சிப் பணி அட்டவணை, ஊதியம், ஆசிரியர் விவரம், பயிற்சி முடித்தோர் சென்ற இடங்கள் ஆகியன உள்ளனவா என எண்ணி விழுக்காடு கூறுவது அவற்றின் பொதுவழி. எண்ணுவது எளிது, ஆனால் ஒரு தகவல் இருப்பது வேறு, அது மெய்யாகவும் நிகழ்காலத்துக்கு உரியதாகவும் இருப்பது வேறு. பணிமாறிச் சென்ற பேராசிரியரின் பெயர் நீடிக்கும் பக்கமும் அவ்வெண்ணிக்கையில் முழு மதிப்பெண் பெற்றுவிடும். மேலும், அங்கு விண்ணப்பதாரர் நேர்காணலின்போது பயிற்சியில் இருப்போரிடம் வினவ வாய்ப்புண்டு. இணையதளம் அதற்கு முந்தைய படி மட்டுமே.

இங்கு அப்படியில்லை. 2017 முதல் அரசு, தனியார் கல்லூரிகளின் முதுநிலை இடங்கள் நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசைப்படி கலந்தாய்வில் ஒதுக்கப்படுகின்றன. நேர்காணல் கிடையாது. விருப்பப் பட்டியலில் கல்லூரியையும் துறையையும் வரிசைப்படுத்தச் சில நாட்களே கிடைக்கும். வெளியிடப்பட்ட தகவலை நம்பியிருக்கும் தேவை அமெரிக்க விண்ணப்பதாரரை விட இவருக்கே மிகுதி. தகவல் இல்லாதவிடத்து மூத்த மாணவரின் தொலைபேசிச் சொல் அதன் இடத்தைப் பிடிக்கிறது. அச்சொல் பெரும்பாலும் நேர்மையானதே. ஆனால் அது எல்லாருக்கும் எட்டுவதில்லை. வீட்டில் ஏற்கெனவே மருத்துவர் உள்ளவருக்கு அது எளிதில் வாய்க்கும். குடும்பத்தின் முதல் பட்டதாரியாய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிக்கொண்டே தேர்வெழுதியவருக்கு அவ்வளவு எளிதன்று.

விதிகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென இணையதளம் வைத்து மாதந்தோறும் முதல் வாரத்தில் புதுப்பிக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் இருந்த காலத்திலேயே விதிக்கப்பட்டது. முதல்வர், ஆசிரியர், அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்த மாணவர், ஆய்வு வெளியீடுகள், தேர்வு முடிவுகள், அங்கீகார நிலை, மருத்துவமனை நோயாளர் எண்ணிக்கை என அப்பட்டியல் நீளும். கூர்ந்து நோக்கின் இது ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண்கொண்டு தொகுத்த பட்டியல் என்பது விளங்கும். மருத்துவமனையில் எத்தனை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன என்று அது கேட்கும். அவற்றுள் எத்தனையைப் பயிற்சி மருத்துவர் தம் கையால் செய்தார் என்று கேட்பதில்லை.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலை ஒழுங்குமுறை விதிகள் இவ்விடைவெளியை மேலும் வெளிப்படுத்துகின்றன. முதுநிலை மாணவர் ‘நியாயமான’ நேரம் பணியாற்றுவர் என்கின்றன அவ்விதிகள். நியாயம் எத்தனை மணி என்பது சொல்லப்படவில்லை. (1992-இல் நடுவண் அரசு வெளியிட்ட உறைவிட மருத்துவர் திட்டம் வாரத்துக்கு 48 மணி என எண்ணிட்டே கூறியிருந்தது.) விதி எண்ணைத் தவிர்க்கும்போது, துறைவாரியான இரவுப்பணி முறையை வெளியிடுவது ஒன்றே விண்ணப்பதாரருக்கு எஞ்சும் வழி.

மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டமும் அத்தகையது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் பருவங்களுள் ஒன்றில் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். திருநெல்வேலியிலிருந்து 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1986-இல் பிரிந்த தூத்துக்குடிக்குச் சொந்த மருத்துவக் கல்லூரி உண்டு. தென்காசி போன்றதொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கழியும் மூன்று மாதங்களும் பெருநகர மருத்துவமனை ஒன்றில் கழிபவையும் கல்வியளவில் ஒன்றல்ல. மருத்துவரின் எண்ணிக்கை குறைந்த இடத்தில் கற்பது மிகும், மேற்பார்வை குறையும். எங்கு அனுப்பப்படுவர், அங்கு வழிகாட்டுபவர் யார், தங்குமிடம் உண்டா என்பன கல்லூரிப் பக்கத்தில் இடம்பெற வேண்டிய செய்திகள்.

அதே விதிகள் கல்விக் கட்டணத்தைக் குறிப்பிடாத இடங்களைக் கணக்கில் கொள்வதில்லை என்று அச்சுறுத்துகின்றன. கட்டணத்துக்கு இருக்கும் இக்கண்டிப்பு கற்பிக்கும் முறைக்கு இல்லை.

மொழி பற்றியும் ஒன்று கூற வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், பொது அதிகார அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டிய செய்திகளை நான்காம் பிரிவில் வரையறுத்து, வெளியிடுகையில் வட்டார மொழியைக் கருத்திற்கொள்ளுமாறும் சொல்கிறது. பொது மருத்துவம், குணபாடம், நோய் நாடல் எனத் துறைப்பெயர்களே தமிழாய் அமைந்த சித்த மருத்துவப் பட்டமேற்படிப்புக்கு இது கூடுதலாகப் பொருந்தும். குணபாடம் பயில விழைபவர் தேடுவது மருந்து செய்முறைக் கூடத்தின் நிலை, பொதிகை அடிவாரத்துக்கு மூலிகை அறியச் செல்லும் களப்பயணம், முந்தைய ஆய்வேடுகளின் தலைப்புகள் ஆகியவற்றை. இவற்றைத் தமிழில் எழுத மொழிபெயர்ப்பாளர் தேவைப்படார். துறையினரே எழுதி, எழுதிய நாளையும் பக்கத்தின் அடியில் குறித்தால், அது எவ்வளவு பழையது என்பதையாவது படிப்பவர் தாமே கணித்துக்கொள்வார்.