பியானோவுக்குச் சாதி இல்லையாம்

அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கி நடந்தால் கம்பத்துக்குக் கம்பம் அட்டை தொங்குகிறது. பியானோ, கீபோர்டு, மியூசிக் தியரி, கிரேடு எக்ஸாம், வீட்டிலேயே கற்றுத்தரப்படும். ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் இதே அட்டைதான். பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையைத் தாண்ட முடியாத நம் பிள்ளைகளுக்கு இது ஒரு வாசல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மேல்நாட்டு இசைக்குத் தீட்டு கிடையாது, கோத்திரம் கேட்காது, அஞ்சு கோடும் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு பேசுகிறோம். இந்தப் பேச்சைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். எங்கப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். ஆறு நாள் இரும்புத்தூள், ஞாயிற்றுக்கிழமை சபையில் டெனர். நாட்டையும் கல்யாணியும் அவருக்குத் தெரியாது. ஆனால் தாளைப் பார்த்துப் பாடுவார். அந்தத் தாளில் இருந்தது டானிக் சோல்ஃபா. சாரா குளோவர் என்கிற ஆசிரியை உண்டாக்கிய முறையை எடுத்து விரித்து, 19ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் ஜான் கர்வன் என்ற இங்கிலாந்துப் போதகர். காசு கொடுத்து ஐந்து கோட்டு எழுத்தைப் படிக்க முடியாத தொழிலாளிகளுக்கும் ஞாயிற்றுப்பள்ளிப் பிள்ளைகளுக்குமான எழுத்து அது. மிஷன் வழியாக நம் சபைகளுக்கு வந்தது. எழுத்தே மறுக்கப்பட்டவன் சுரத்தை எழுத்தாகப் படித்தான் என்பது சின்ன விஷயமில்லை. அதே சபைகள்தான் கல்லறைக்கு நடுவே சாதிச்சுவரையும் வைத்துக்கொண்டிருந்தன, அது வேறு கதை.

இன்னொரு வாசல் மயிலாப்பூரில் இருந்தது. சபாக்களும் மாடவீதியும் சூழ்ந்த அந்த இடத்தில், ஒரு லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டர் பாடம் நடத்தினார். பண்ணைப்புரத்து ராசய்யா அங்கேதான் பாக்கையும் பீத்தோவனையும் கோடு போட்ட தாளில் படித்தார். டிரினிட்டி தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப்பதக்கம் வாங்கினார். 1976இல் 'அன்னக்கிளி'. 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் அவருடைய சிம்பொனியை வாசித்தது. இளையராஜா தன்னை எப்படி அடையாளப்படுத்திக்கொள்கிறார் என்கிற சண்டையை இங்கே நான் இழுக்கவில்லை. ஒரு வாத்தியார், ஓர் அறை, ஒரு மாணவன். தனிப்பாடம் என்பது அவ்வளவுதான். கதவைத் திறப்பதும் சாத்துவதும் அந்த ஒரு ஆள் கையில்.

டிரினிட்டி கல்லூரி 1872இல் லண்டனில் தொடங்கியது. இனிஷியலில் இருந்து எட்டாம் கிரேடு வரை தேர்வு, நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி, 75க்கு மெரிட், 87க்கு டிஸ்டிங்ஷன். தேர்வாளர் தெருப்பெயரைக் கேட்பதில்லை, விரலைத்தான் பார்க்கிறார். சரி. ஆனால் அந்த அறைக்குப் போகிற வழி ஒரு வீட்டின் வரவேற்பறை வழியாகப் போகிறது.

என் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். பெயர் வேண்டாம். சபையில் கீபோர்டு வாசிக்கிற பிள்ளை, காதால் கேட்டே வாசிப்பாள். ஒரு பாட்டு வாசித்துக் காட்டினாள். அந்தம்மா நல்லாயிருக்கு என்றார். எந்தப் பக்கம் இருந்து வர்றீங்க என்றார். காலனிப் பேரைச் சொன்னோம். குரல் அப்படியே இனிமையாகத்தான் இருந்தது. "கீபோர்டே போதுமேங்க, பியானோ எதுக்கு இவளுக்கு? பேட்ச் ஃபுல்லா இருக்கு. சொல்லி அனுப்புறேன்." சொல்லி அனுப்பவே இல்லை. பஸ்ஸில் பிள்ளை கேட்டாள், "நான் தப்பா வாசிச்சுட்டேனா சித்தி?"

கீபோர்டே போதும் என்பதை யோசித்துப் பாருங்கள். கீபோர்டுக்குத் தனித் தேர்வு, பியானோவுக்குத் தனித் தேர்வு. பியானோவுக்கு 88 கட்டை வேண்டும், 52 வெள்ளை, 36 கறுப்பு. விரலுக்கு எடை தெரிகிற கட்டை வேண்டும். மெல்ல அழுத்தினால் மெல்லப் பேசுகிற கட்டை. அதை வைக்க ஒரு சுவர் வேண்டும், வாங்கக் கடன் வேண்டும். நம் வீடுகளில் 61 கட்டை கீபோர்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எவருக்கு எது போதும் என்று தீர்மானிக்கிற பழைய வேலை இசையில் புதுப்பெயரோடு வந்திருக்கிறது. சொந்த வீடு, சொந்த நேரம், சொந்தக் கட்டணம், யாரும் கேள்வி கேட்க முடியாது. அரசுப் பள்ளிகளில் இசை வாத்தியார் இல்லாத வரை இந்த வரவேற்பறைகள்தான் ராஜ்யம்.

அதற்காக ஐந்து கோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பறையை மட்டும் எடு என்று சொல்கிற தோழர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ரெண்டும் வேணும் நமக்கு.

இப்போது அவளுக்கு எங்கள் சபையின் பழைய ஆர்கன்காரர் தியரி சொல்லித்தருகிறார். ஆறு எட்டு தாளம் வந்த அன்றைக்கு அவர் விளக்கத் தேவையே இருக்கவில்லை. தாத்தா திண்ணையில் தட்டுகிற அடியில் மூன்று மூன்றாக அவள் அதை எண்ணியிருக்கிறாள். அந்த அடியை எழுதிக் காட்டறேன்னு நோட்டைத் திறந்தவள் ரெண்டாவது வரியில் நின்றுவிட்டாள். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் ஒரே தோலில்தான் விழுகின்றன, சத்தம் வேறு.

"ரெண்டுக்கும் ஒரே நோட்டுப் போட்டா தாத்தா ஒத்துக்க மாட்டார் சித்தி. என்ன போடறது?"